செம்புக்கு முளைத்த வால்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது. முன்பல் ஒன்று ஆடுகிறது, யாரையும் தொடவிட மாட்டேன் என்கிறாள். அத்தை உங்கள் கட்டுரையில் வந்த படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எம்பையன் கண்டுபிடிச்சது, மருமக மெஷின்ல எடுத்த படம்" என்று ஒரே பெருமை. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

நேற்று எங்கள் ஆய்வக இயக்குநர் கூப்பிட்டார். ஈரல் கட்டியிலிருந்து செம்பு பக்கத்துத் திசுவுக்குக் கசிகிறது என்று எழுதினீர்களே, அதை ஆய்விதழ்க்காரர்கள் சந்தேகப்படுகிறார்களாம். நீங்கள் சொன்ன பதிலையும் சொன்னார்: "படம் எடுத்தது அவங்க. அதுல கோளாறு இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லல." அவங்களாம்! பெண்டாட்டி என்று சொல்ல வாய் வரவில்லையா?

யாரும் சொல்லவில்லையா? அடப்பாவி மனுஷா, அந்தக் கோளாறுக்குப் பேர் வைத்ததே நீங்கள்தானே! மெஷினில் லேசர் திசுவைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக் கிளப்பும் தூசி, செம்பை அளக்கிற இடத்துக்குப் போகும் குழாய்க்குள் தங்கித் தங்கி வருகிறது. முந்தின புள்ளியின் செம்பு அடுத்த புள்ளியின் கணக்கில் விழுந்து, படத்தில் கறையாக நீளுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணைவிடப் பெரிய வாலா இருக்கே" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து நமக்குள் அது வால்தான். உங்கள் கண்முன்னால்தானே திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடைக் குறுக்காகத் திருப்பி வைத்து மறுபடி ஓட்டினேன்? திசு திரும்பியும் வால் திரும்பவில்லை, லேசர் போகிற பக்கமே நீண்டது. நிஜமான கசிவு என்றால் திசுவோடு சேர்ந்து திரும்பியிருக்காதா? வேகத்தைக் குறைத்து வேறு படம் எடுத்துத் தருகிறேன், பொறுங்கள் என்றேன். "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, பழைய படத்தோடு விமானம் ஏறிவிட்டீர்கள்.

கட்டுரை வந்ததும் போனில் கேட்டேன். "திருத்தம் அனுப்பியாச்சு, நீ கவலைப்படாதே" என்றீர்கள். நம்பினேன். திருத்தமே வரவில்லை என்று நேற்று இயக்குநர் சொல்லித்தான் தெரியும்.

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார்.

தப்புப் படத்தைப் போட்டதைக்கூட பேராசை என்று விட்டுவிடுவேன். மாட்டிக்கொண்டதும் என்னைக் காட்டிக்கொடுத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் வீட்டு மேஜையில் என்னோடு சேர்ந்து சிரித்த ஆளா இப்படிச் சொன்னது என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை விசாரணைக் குழு. நான் வாயைத் திறந்தால் உங்கள் வேலை போகும், மூடிக்கொண்டால் என் வேலை போகும். ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டேன், திறக்கத்தான் போகிறேன். அதற்குள் நீங்களாகவே உண்மையைச் சொல்லிவிடுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாளைக்குப் பெண் கேட்டால், தப்பு செய்தது அப்பாதான், ஒத்துக்கொண்டதும் அப்பாதான் என்று சொல்லவாவது எனக்கு ஒரு வழி வையுங்கள்.

குளிரில் காது மூடிக்கொள்ளுங்கள். நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவி