முதலில் வழவழப்பு

இன்று காலை கம்ப்யூட்டர் திரையில் ஒரு பம்பின் வெளிக்கூடு, அந்தக் கேசிங்கின் விளிம்பு கிழிந்து நின்றது. பார்த்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஒரு மாதமாகிறது. சாவுக்கு வந்தேன். அழுகைதான் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் ஒரு மாடி அறை, ஒரே ஒரு கம்ப்யூட்டர். கல்லூரித் தோழிகள் நாம் இருவரும் சேர்ந்தே பூசை போட்டுத் திறந்த கடை அது. பம்பு கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் உருவம் செய்து கொடுத்தோம்.

பல்லடத்து முதலாளி ஒருவர் வேலையைப் பார்க்க வரவிருந்தார். "துளைய முதல்ல போட்டுக்கலாம் புள்ள, அப்புறம் வழவழப்பாக்கலாம்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற பரப்பு, உள்ளே ஆயிரக்கணக்கான பொடித் தட்டைத் துண்டுகள்தான். அதில் துளை போடச் சொன்னால் அத்தனையையும் குறுக்கே அறுக்க வேண்டும். நூல் நூலாகச் சில்லுகள் மிஞ்சும். எது உள்ளே, எது வெளியே என்று கம்ப்யூட்டருக்கே குழம்பிப்போகும். நீ கேட்டால்தானே!

"வர்றவரு பளபளன்னு பாக்கோணும். ஓட்டைய அவரு முன்னாடியே போட்டுக் காட்டலாம்" என்றாய்.

காட்டினாய். திரை உறைந்தது. மீண்டபோது கேசிங்கின் பாதி வயிற்றைக் காணோம், மிச்சம் கந்தலாக நின்றது.

"ஏனுங்க, இது பம்புங்களா, நசுங்குன சொம்புங்களா?" என்று அவர் சிரித்தார்.

நீ என்னைக் கை காட்டினாய். "இந்த அம்மணி புதுசுங்க. அவசரத்துல தப்பாச் செஞ்சுபோட்டாங்க."

அடிப்பாவி! அன்று மத்தியானம் வரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவளை, எத்தனை மரியாதையாக விற்றாய்.

வழவழப்பாக்கும் முன்பே நான் எடுத்து வைத்திருந்த கரட்டு நகலில் துளையிட்டு, அப்புறம் வழவழப்பாக்கிக் கொடுத்தேன். வேலை நமக்கே கிடைத்தது. அவர் மட்டும் அதன்பின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை, எல்லாம் உன்னிடம்தான். அடுத்த மாதமே கடையை விட்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம் நீ. கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்றும் வழவழப்பாக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லித்தான் என் ஆட்களைப் பழக்கியிருக்கிறேன். இன்று காலை அவசரத்தில் நானே எடுக்கவில்லை. என்னிடம் வேலை பார்க்கும் பெண், "மேடம், துளைய முதல்ல போட்டுரலாங்க" என்றாள். கேட்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் கிழிந்தது.

"இந்த அம்மணி புதுசுங்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இதோ, அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னும் எழுந்து அவளிடம் போகவில்லை.