மாட்டுப்பாலில் மீன்

இன்று காலை பாரிஸ் லா சப்பலில் நம்மவர் மரக்கறிக் கடையில் சதகுப்பை இலைக் கட்டொன்றை எடுத்தேன். மணம் மூக்கில் ஏறியதும் உன் குசினி அடுப்பருகே நின்றேன். நீ கண்ணை மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. இப்போதுதான் உனக்கு எழுத முடிகிறது.

எண்பத்தாறில் மேல்மாடியில் பின்லாந்துக்காரி நீ. கீழே யாழ்ப்பாணத்து நாங்கள். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. உன் வீட்டுக்கு நான் முதல்முறை வந்தபோது வாசலிலேயே கறுப்பு மிட்டாய் ஒன்று தந்தாய். மிட்டாயில் உப்பு! நான் உள்ளங்கையில் துப்ப, நீ கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு புளித்த மாவில் சுட்ட கறுத்த பாண். மெல்லிய மாவுக்குள் பாற்சோறு வைத்துச் சுட்டு, மேலே முட்டையும் பட்டரும் பிசைந்து பூசிய பணியாரம்.

"சோற்றுக்குமா போர்வை?" என்றேன்.

"எங்கள் ஊரில் குளிர் அப்படி," என்றாய்.

விருந்தாளிக்கு உன் சட்டம் ஒன்றுதான்: "பிடிக்கவில்லை என்று சொல்லலாம். ருசி பார்த்த பிறகு."

அந்த மாரியில் மகளுக்குக் காய்ச்சல். விட்ட பின்னும் கஞ்சி, இடியப்பம் எதற்கும் வாய் திறக்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது. நீ சட்டியோடு இறங்கி வந்தாய்: சல்மன் மீனும் உருளைக்கிழங்கும் பாலில் வெந்து, மேலே சதகுப்பை தூவியிருந்தது. எங்களோடிருந்த மச்சாள், என் கணவரின் தமக்கை, எட்டிப் பார்த்துப் பதறிவிட்டா.

"மீனுக்குள்ள பாலோ? உமக்கென்ன விசரே? பிள்ளைக்கு வெண்குட்டமெல்லோ வரும்!"

"சொதிக்கும் மீன் போடுறனாங்கள்தானே, மச்சாள்."

"அது தேங்காய்ப்பால். இது மாட்டுப்பால். கம்பஸுக்குப் போய் இதைத்தானோ படிச்சனீர்?"

தமிழ் தெரியாத உனக்கும் விஷயம் விளங்கியது. ஒரு கரண்டி நீ குடித்தாய். அடுத்ததை என்னிடம் நீட்டினாய். நான் படித்த விலங்கியல் அந்த நேரம் துணைக்கு வரவில்லை. குடித்தேன். பிறகு மகளின் வாயில் வைத்தேன். விழுங்கினாள். இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள்.

மச்சாள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் வந்து முதுகைப் பார்த்தா. நானும்தான் பார்த்தேன். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதே சூப்பைக் காய்ச்சிக் கொண்டுவந்தேன், பச்சைமிளகாய் ஒன்று கீறிப் போட்டு. "இது எங்கள் சூப்பே இல்லை," என்று முகத்தைச் சுளித்தாய். கோப்பையை மட்டும் திருப்பித் தரவில்லை.

இப்போது இளையவனுக்கு ஒரு வயது. வில்லியே லே பெல்லுக்குக் குடிபோன மச்சாள் இன்று மத்தியானம் தொலைபேசியில், சதகுப்பை வாங்கினேன் என்றதும் கேட்டா: "இவனுக்கும் அந்த வெள்ளைக்காரியின்ரை சொதியைக் குடுக்கப் போறீரோ?"

பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். இவனுடைய முதுகையும் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் என் பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்று பயத்திடம் கேட்க மாட்டேன். ஊராரிடமும் கேட்க மாட்டேன்.

"ஓம் மச்சாள், அடுப்பில வைச்சிட்டன். ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வாங்கோ. உங்களுக்கும் ஒரு கோப்பை ஊத்துறன்."