கழட்ட விடாத கம்பி

சமையல்கட்டு மேடையில் உங்கள் கம்பி கிடக்கிறது. பானெட்டைத் திறந்தால் இஞ்சினுக்கு மேலே, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாகக் குறுக்கே போகுமே, அதுதான். காலையில் பட்டறையில் கழட்டிக் கொடுத்தார்கள். துணி போட்டு எத்தனை துடைத்தாலும் சூட்டில் காய்ந்த ஆயில் வாசனை போகவில்லை. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, மூக்கில் உங்கள் வண்டிதான் ஏறுகிறது.

வில்லியனூரிலிருந்து வண்டி வாங்க வந்தவர் கழட்டச் சொன்னார். "எங்கம்மாவுக்கு முதுகு வலி. இது இல்லன்னா குலுக்கல் கொறையும்னாங்க" என்றார். உடனே சரி என்றுவிட்டேன். உங்களிடம் இதையே கேட்டு எத்தனை சண்டை போட்டிருப்பேன்!

முன்பு ஒருநாள் கனகசெட்டிக்குளம் போய்த் திரும்பும்போதுதான், வளைவில் வண்டியின் மூஞ்சி தள்ளாடுகிறது என்று ஆரம்பித்தீர்கள். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. மறுநாளே தட்டாஞ்சாவடி பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அந்தத் தள்ளாட்டத்தை அடக்கப் பட்டறைக்காரர் இரண்டு கம்பிகளை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று நீல அலுமினியம், முனைகளில் போல்ட் போட்ட மூட்டு. இன்னொன்று ஒரே துண்டாக வெல்டிங் வைத்த கறுப்பு இரும்பு. நான் நீலத்தைக் காட்டினேன். "மூட்டு இருக்கற எடத்துலதான் ஆட்டம் வரும்" என்று கறுப்பைத் தூக்கினீர்கள். பானெட் மூடினால் இடிக்குமா என்று களிமண் உருண்டை வைத்து அமுக்கிப் பார்த்தீர்கள். வண்டி சமதரையில் நின்றால்தான் போல்ட்டை இறுக்கணும் என்று அவரிடம் அடம்பிடித்தீர்கள்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ பாக்கல" என்றேன்.

"கம்பி போட்டாச்சு. இனிமே உன்ன வுட்டுட்டுக் கம்பி நீட்ட முடியாது" என்று சிரித்தீர்கள். பட்டறைக்காரரும் சிரித்தார்.

அப்புறம் உங்கள் இடுப்பெலும்பில் அந்த நோய் வந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன், லைசென்ஸ் வாங்கின சூட்டோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பீர்கள். பட்டறைக்காரரே வீடு தேடி வந்தார். "கழட்டிடலாம்ணே. கொஞ்சமாவது குலுக்கல் கொறையும்."

"வேணாம்பா. அவ இப்பதான் ஓட்டக் கத்துக்கறா. ஸ்டியரிங் அவ சொன்ன பேச்சக் கேக்கணும்."

"நீங்க துடிக்கறதப் பாத்துக்கினு நான் எப்படி ஓட்டறது?" என்று கத்தினேன்.

"என்ன ஏன் பாக்கற? ரோட்டப் பாரு" என்றீர்கள். பிடிவாதம் பிடித்த மனுஷன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். நம் வண்டியில் நான் பின்னாலேயே வந்தேன். அந்த டிரைவர் எந்தப் பள்ளத்துக்கும் நிதானிக்கவில்லை. இனி என்ன நிதானம் என்று நினைத்திருப்பார். நான்தான் பின்னால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிதானித்தேன்.

இன்று வாங்குகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே சாலையில் ஓட்டிக் காட்டினேன். திருப்பத்தில் முன்பக்கம் லேசாகத் தள்ளாடியது. நீங்கள் அன்றைக்குச் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பழைய பள்ளம் வந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்து பிரேக்கை மெதுவாக அழுத்தினேன். வண்டி இறங்கி ஏறியது. இடி குறைந்துதான் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் எனக்காகப் போகும்போதும் வரும்போதும் எலும்பில் வாங்கிக்கொண்டீர்கள்.

"நல்லா இருக்கும்மா" என்றார் அவர்.

நாளைக்கு வண்டி போய்விடும். ஒண்டியாக அதை வைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறேன்? கம்பியை மட்டும் கொடுக்கவில்லை. கையில் தூக்கிப் பார்க்கிறேன், நல்ல கனம். எங்கும் ஒரு மூட்டு இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. அது இங்கேயேதான் கிடக்கிறது. நீங்கள்தான் கம்பி நீட்டிவிட்டீர்கள்.