கலங்கலில் கல் இல்லை

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு.

இன்று பூந்தமல்லியில் மூன்று ஊர்ப் பஞ்சாயத்து போர்டுகளும் ஒன்றாக உட்கார்ந்து தீர்மானம் போட்டோம். ஏரி நிரம்பும் சமயத்தில் எங்கள் பருத்திப்பட்டு ஆட்கள் உபரி நீர் வழியும் கலங்கல் மேல் கல் அடுக்கி, அந்த நீரை மறிப்பது வழக்கம். இனி அடுக்கக் கூடாது. அந்த நீர் கீழே உள்ள இரண்டு ஊர்களின் குடிநீர்க் குளங்களுக்குப் போகும். பதிலுக்கு அவர்கள் எங்கள் கரையைப் பலப்படுத்த ஆள் அனுப்புவார்கள். போர்டுத் தலைவன் என்று முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். நியாயமான ஏற்பாடு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் முனுசாமி எல்லார் முன்னாலும் கேட்டான். வருஷா வருஷம் என்னோடு கல் தூக்கியவன். "இன்னா தலைவரே, மாமியா ஊட்டுக்குத் தண்ணி வார்த்துட்டு வந்துட்டியா?"

"நம்ப கரை ஒடஞ்சா எவன்டா வருவான்?" என்றேன். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

என் மனைவி செல்லம்மா அந்தக் கீழ் ஊர் ஒன்றில் பிறந்தவள். நான் கல் அடுக்கப் புறப்பட்டால் வாசலை மறித்து, "எங்க ஊரு வாயில மண்ணப் போடப் போறியா?" என்பாள். மீறிப் போனால், கடைசிக் கல்லை எடுக்கும்வரை என்னோடு பேசமாட்டாள். சோறு மட்டும் வரும்.

போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மழை வலுக்கிறது. கலங்கல் தாண்டி நீர் விழும் சத்தம் இங்கேவரை கேட்கிறது. இந்த வருஷம் நான் ஒரு கல்கூட வைக்கவில்லை, செல்லம்மா. இருந்தும் வீட்டில் பேச்சில்லை.