சிலை வேண்டாம் என்ற சார்

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து விடாமல் இடவப்பாதி மழை. கடை திறந்து என்ன, ஒரு மோட்டார் கூட ரிப்பேருக்கு வரவில்லை. வாங்க வேண்டியது: மோட்டார் காயில் கம்பி, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து, மன்றத்துக்கு டியூப் லைட்.

சாயங்காலம் இளைஞர் மன்றத்தில் கமிட்டி. மன்றத்தை நடத்திவந்த மாசிலாமணி சார் இறந்து ஒரு மாதம் ஆகிறது. 21ஆம் தேதி நினைவுக் கூட்டம். செயலாளர் ஜெயசிங், சின்ன வயதிலிருந்தே என் கூட்டாளி, சாருக்குச் சிலை வைக்கணும் என்று எழுந்தான். நான் விடவில்லை.

"அவருக்க படம் போட்டு ஒரு பிளெக்ஸ் வச்சோமே, என்ன செய்தாரு? கொட்டுற மழையில ஏணி போட்டு அவரே கிழிச்சாரு. மறந்து போச்சா உனக்கு?"

"சாரு உனக்க வீட்டுச் சொத்தா லே?"

பிறகு ஒரே கூச்சல். கடைசியில் சிலை இல்லை என்று தீர்மானம். ஜெ. என் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனான். போகட்டும். சார் சொன்னதைக் காப்பாற்ற ஒருத்தனாவது வேண்டாமா?

ஜூன் 9, செவ்வாய்

மழை கொஞ்சம் வெறித்தது. கமிட்டி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவருக்குச் சிலை இல்லேன்னா எனக்கென்ன? உனக்க அப்பனுக்கு ஒரு பலகை வைக்க விட்டாரா அந்த மனுசன்?"

பழைய பாட்டு. மன்றம் நிற்கிற பத்து செண்டு அப்பா சும்மா எழுதிக் கொடுத்தது. வருக்கைப் பிலாமரம் நின்ற இடம். கட்டடம் எழும்பினபோது 'இடம் தந்தவர் தங்கையன்' என்று வாசலில் ஒரு வரி கேட்டாள் அம்மா. சார் சிரித்தார். "பேரு எதுக்கு செல்வின்? பிள்ளைங்க படிச்சு வந்தா அதுதானே பேரு." எனக்குப் புல்லரித்தது. அதை அப்படியே கொண்டுவந்து அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் மன்றத்துப் படி மிதிக்கவில்லை. சார் சாவுக்கும் வரவில்லை.

இவளுக்கு எப்படிப் புரியவைப்பது? கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, மன்றத்துப் பின்னறையில் ஒரு கட்டில், அதுதான் சார். பத்தாம் வகுப்பில் தோற்று ரப்பர் தோட்டத்துக்கு ஓடின பயல்களின் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். பயல் சட்டை போட்டுக்கொண்டு கூட வரும்வரை கட்டன்சாயா கூடத் தொடமாட்டார். எங்கள் முற்றத்திலும் வந்து உட்கார்ந்தார். இல்லையென்றால் எனக்கு இந்தக் கடை ஏது, இந்த எழுத்து ஏது? ஊரிலிருந்து போலீசுக்கும் நர்சுக்கும் போனதுகளைக் கேட்டால் ஆளுக்கொரு முற்றக் கதை சொல்லும்.

ஜூன் 11, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு ஒரு போன். மயிலாடியிலிருந்து, கல் சிற்பி. "சிலை ரெடி. வண்டி எப்போ கொண்டு வாறிய?" என்ன சிலை? "மாசிலாமணி சாருக்குள்ளது." ஜெயசிங்கின் வேலை என்று நினைத்தேன். கமிட்டியைக் கேட்காமல் முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறான், களவாணிப் பயல். கடையைச் சாத்திவிட்டு, நாகர்கோவில் தாண்டுகிறவரை அவனை வைதுகொண்டேதான் பைக் ஓட்டினேன்.

பட்டறையில் நெஞ்சளவுக்குச் சார். நல்ல கருங்கல். பின்னந்தலையில் மட்டும் முடி இருந்த மனுசருக்குத் தலை நிறைய முடி.

"முடி கொஞ்சம் கூட்டி வையும்னு அவியதான் சொன்னாவ" என்றார் சிற்பி.

"எவிய?"

"சாருதான். வியாழக்கிழமை தோறும் வந்து இந்த ஸ்டூலில இருப்பாவ. ஒரு அசைவு அனக்கம் இருக்காது. மூக்க ரெண்டு வாட்டி திருத்தச் சொன்னாவ. துட்டும் முழுக்கத் தந்தாச்சு. நான் போனதுக்குப் பொறவு செல்வினுக்குப் போன் போடும், அவன் எடுத்து வாசல்ல வைப்பான்னு நம்பர் தந்தாவ."

வியாழக்கிழமை. கண்ணாஸ்பத்திரிக்கு என்றுதான் என்னிடம் சொல்வார். நான்தான் திருவட்டாறில் பஸ் ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, சொட்டு மருந்து மறக்காதீங்க சார் என்று சொல்லி அனுப்புவேன். சரி சரி என்று தலையாட்டுவார்.

பீடத்தில் பெரிய எழுத்தில் பெயர். கீழே, சார் சொல்லி வெட்ட வைத்தது: 'தன் பெயர் எங்கும் வேண்டாம் என்றவர்.'

சிரித்துவிட்டேன். சிற்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஜூன் 12, வெள்ளி

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியாச்சு.

சிலை அங்கேயே கிடக்கட்டும் என்று இருந்தேன். மத்தியானம் சிற்பியின் போன். "நீங்க எடுக்கலேன்னா ஜெயசிங்குக்குச் சொல்லணும்னு ரெண்டாவது ஒரு நம்பரும் இருக்கு." அடப்பாவி மனுசா! எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

சிலை ஆசை இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. யாருக்குத்தான் இல்லை? செல்வின், எனக்கு ஒரு சிலை வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலையில் சுமந்து கொண்டுவந்திருப்பேனே. அப்பா பெயருக்கு மட்டும் உபதேசம். அதையும் என் வாயாலேயே அம்மாவுக்குச் சொல்ல வைத்தாரே, அதுதான் ஆறவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச் முடிந்து வெளியே வைத்து கமிட்டிக்காரர்களிடம் சொன்னேன். சிலை ரெடி, நான்தான் சொல்லி வைத்தேன் என்று. வேறென்ன சொல்ல? சாரே செய்துகொண்டார் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அவரை மட்டும் பார்த்துச் சிரிக்குமா? அவர் பின்னாலேயே திரிந்த என்னையும் பார்த்துத்தான்.

ஜெ. முன்னால் வந்து நின்றான். பிறகு, "நான் சொன்னா தப்பு, நீ சொன்னா சரி. பேரு உனக்குக் கிட்டணும், அதுக்குத்தானே அன்னைக்கு அந்த ஆட்டம் ஆடினே? கொள்ளாம் மக்கா, நல்லாயிருக்கு."

பின்னால் யாரோ: "இவனயா நல்லவம்னு நெனச்சோம்."

பைக்கை எடுத்தேன்.

ஜூன் 17, புதன்

மயிலாடிக்குப் போனேன். பீடத்தில் ஒரு வரிக்கு இடம் கிடந்தது. 'இடம் தந்தவர் தங்கையன்' என்று வெட்டச் சொன்னேன். "சார் சொல்லல்லியே" என்றார் சிற்பி. "நான் சொல்லுகேன், வெட்டும்" என்றேன். உளி விழ விழ நெஞ்சுக்கு ஒரு சுகம். மறைத்து என்ன, சுகமாகத்தான் இருந்தது.

வந்து அம்மாவிடம், "ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக்கு வா. அப்பாக்க பேரு கல்லுல இருக்கு" என்றேன். நம்பவில்லை. ஆனால் ராத்திரியே பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

ஜூன் 21, ஞாயிறு

மழை இல்லை. மன்ற முற்றம் கொள்ளாத கூட்டம். கல்ஃபிலிருந்து கூட ரெண்டு பேர் வந்திருந்தார்கள். அழாத ஆள் இல்லை. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை.

துணியை இழுத்தார்கள். கைதட்டல். ஜெயசிங் குனிந்து பீடத்தை வாசித்தான். நிமிர்ந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஓகோ. அப்பனுக்க பேர ஏத்தத்தான் சாருக்குச் சிலையா?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பேரு சார் சொன்னதாக்கும். உயிரோட இருக்கும்போ சொன்னாரு."

உடனே எல்லாம் அடங்கியது. சார் சொன்னார் என்றால் எங்கள் ஊரில் அதற்குமேல் பேச்சில்லை. ஜெ. கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா என் கையைப் பிடித்தாள். கேட்டிருக்கிறாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அவரா சொன்னாரு? அந்த மனுசன எவ்வளவு வைதிருக்கேன் செல்வினே. சாவுக்குக்கூட வரல்லியே நான். பாவி, பாவி."

இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் ஊர் நிற்கிறது.

"என்ன அவருக்கிட்டக் கொண்டு போ மக்கா."

கொண்டுபோனேன். அப்பா பெயர் இருந்த பக்கம் அவள் குனியவே இல்லை. எம்பி, இரண்டு கையாலும் சாரின் கன்னத்தைத் தடவினாள். "மன்னிச்சிரும் சாரே" என்றாள்.