யாரு ஒழிஞ்சா?

என் ராஜி அக்காவுக்கு,

எம்.பி.ஏ. முடித்துவிட்டேன். நாற்பது தாண்டிய பிறகு, மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து. ஹெச்.ஆர்.தான் எடுத்தேன். உனக்குக் கோபம் வருமா? உன்னை வீட்டுக்கு அனுப்பியதும் ஒரு ஹெச்.ஆர். மேடம்தானே.

முதலில் டீ கொடுத்தாள் என்றாய். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவள், உன் வைத்தியத்துக்கு லீவு கேட்டாய். "ரெஸ்ட் எடுக்கு சேச்சி, பின்னே விளிக்காம்" என்று புன்னகைத்தாளாம். பிறகு கூப்பிடுவார்கள் என்று நம்பி வலியசாலை வீட்டுக்கு வந்தாய். மறுவாரம் நாம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது கேட்டில் பலகை தொங்கியது: ரிசப்ஷனிஸ்ட் ஒழிவுண்டு.

மலையாளத்தில் காலியிடத்துக்கு ஒழிவு என்று பேர். நம் காதில் அது வேறு மாதிரித்தானே விழும்? நீ சிரித்தாய். "பாத்தியாடீ, நான் ஒழிஞ்சாச்சு, ஒழிவு வந்துடுத்து. இனிமே எங்க இந்தப் பலகையைப் பாத்தாலும், யாரு ஒழிஞ்சான்னு முதல்ல கேளு."

கேட்டேன், அக்கா. இப்போது இரண்டு இடத்தில் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்று கழக்கூட்டம் பக்கம், கண்ணாடிக் கட்டடம். "நம்மள் இவிடெ ஒரு ஃபேமிலியாணு மேடம்" என்றார் மேனேஜர். டீ வந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் யார் இருந்தார்கள் என்றேன். "அது... பர்சனல் ரீசன்" என்று பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அந்த பிஸ்கட்டைக்கூட நம்ப முடியவில்லை. டீயைத் தொடவில்லை.

இன்னொன்று ஆரியசாலையில் மசாலாப் பொடிக் கம்பெனி. சம்பளம் குறைவு. முதலாளியம்மா நாகர்கோவில்காரர். அதே கேள்விக்கு, "முன்ன இருந்தவளா? எங்கூட சண்டை போட்டுட்டுப் போயிட்டா. நம்பர் தாரேன், நீங்களே கேளுங்க" என்றார். கேட்டேன். அந்தப் பெண் மூச்சு விடாமல் திட்டினாள். கடைசியில், "ஆனா ஒருத்தரப் போகச் சொல்லணும்னா மொகத்தப் பாத்துத்தான் சொல்லுவாங்க" என்றாள். நிஜமா, சொல்லிக்கொடுத்துச் சொன்னதா?

"கண்ணாடிக் கட்டடத்தை விட்டுட்டு மொளகாப்பொடி நெடிக்கா? தும்மிண்டேதான் இன்டர்வியூ பண்ணணும்" என்கிறார் என் ஆத்துக்காரர்.

மற்றவர்களை விடு. எனக்கு என் மேலேயே சந்தேகம். ஆளை வேலையை விட்டு அனுப்புவது எப்படி என்று வகுப்பில் நடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் புன்னகைத்தேன். "பெர்ஃபெக்ட்" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மேடத்துக்கும் யாரோ இப்படித்தான் கைதட்டியிருப்பார்களோ?

திங்கட்கிழமை ஆரியசாலைக்குப் போகிறேன். முதலாளியம்மாவை முழுசாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். என் கையால் ஒழிவுப் பலகை ஏறும் நாள் வந்தால், ஒழிந்தவர் அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டார். நானே எதிரில் உட்கார்ந்து சொல்வேன். புன்னகைக்காமல். டீ பிறகுதான்.

அன்று பஸ்ஸில் உன்னோடு சேர்ந்து சிரிக்க முடியாத,
உன் தங்கை