அந்த சீட்டில் இனி ஏற மாட்டேன்

மாமே,

காலையில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன், பலகைமேல் துணி ஒட்டுவதற்கு. வீடெல்லாம் வாடை. உன் தங்கச்சி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். முதல்முறை இந்த வாடையைப் பிடித்தபோது நீ கேட்டாயே, "உள்ள எதுனா எலி செத்துக் கெடக்குதா மச்சான்?" என்று. அந்த ஞாபகத்தில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பஸ் முதலாளியின் ஆள் வந்து நின்றான். அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் ஓட்ட டிரைவர் இல்லையாம்.

"ஒரே ஒரு நாளுண்ணே. ஓட்டிக் குடுத்துட்டுப் போயிடுங்க."

முடியாது என்றேன். போன வருஷம் உன்னிடம் சொன்ன அதே முடியாது. அவன் போன பிறகும் என் வாய் நிற்கவில்லை. உன்னிடம் பேசத் தொடங்கிவிட்டது. ஆளில்லாத இடத்தில் பேசினால் உன் தங்கச்சிக்கு டென்ஷன் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் நான் ஸ்டீயரிங், நீ விசில். என் ஹாரனைக் கேட்டு நம்மூர்க் கோட்டைக் குரங்குகள் மணி சொன்ன காலம் அது. ஒரு அமாவாசையில் முந்நூறு பேரை ஏற்றி, ஒரு கிழவி மடியில் வைத்திருந்த முட்டை உடையாமல் இறக்கினேன். இதை எப்போது சொன்னாலும் நீ பின்னாலிருந்து கத்துவாய்: "சார், இந்தக் கதைக்கு அரை டிக்கெட் போட்டுக்குங்க!" பஸ்ஸே சிரிக்கும். சரி, நூற்றைம்பது பேர் என்றே வைத்துக்கொள். முட்டை உடையவில்லை, அதில் தள்ளுபடி கிடையாது.

தஞ்சாவூருக்குக் கல்யாண பார்ட்டி ஏற்றிப்போனோமே, அங்கேதான் எனக்கு இந்தப் படம் போடும் பைத்தியம் பிடித்தது. நீ பஸ்ஸிலேயே படுத்துத் தூங்கினாய். நான் மண்டபத்துக்கு எதிரே ஒரு ஓவியர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றேன். மூச்சுவிட்டால் பறந்துபோகும் தங்கரேக்கை எடுத்துக் கிருஷ்ணன் கிரீடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான், மூன்றே நாளில் மொத்த வித்தையையும் கண்ணாலேயே திருடிவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் லீவு நாளெல்லாம் அவரிடம் ஓடியதை நீ ஏன் ஊரெல்லாம் சொல்லவேண்டும்?

வேலையை விட்டுவிட்டு, இனி இதுதான் பிழைப்பு என்று உட்கார்ந்து முடித்த முதல் படம் அங்காளம்மன். சாமிப் படத்தில் கண்ணைக் கடைசியில்தான் திறக்கவேண்டும். திறந்தேன். டீக்கடைக்குத் தூக்கிவந்து உன்முன் நிறுத்தினேன். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாய்.

"இன்னாடா மச்சான், அம்மா சைடு மிரர் பாக்குது? பின்னால லாரி வருதா?"

டீக்கடையே சிரித்தது. பார்த்தால் உண்மைதான். வலப்பக்கக் கண்ணாடியையே பார்த்துப் பழகிய என் கண், அம்மனின் கண்ணையும் அங்கேயே திருப்பிவிட்டிருந்தது. விட்டேனா? சுரண்டிச் சுரண்டிப் பதினோரு முறை திறந்தேன். இன்று பஜார் ஜவுளிக்கடையில் மாட்டியிருக்கிறது. எந்த மூலையில் நின்றாலும் அம்மா நம்மையே பார்க்கிறாள். அந்தக் கடையைத் தாண்டும்போது திருடன்கூடச் செருப்பைக் கழற்றுகிறானாம்.

அப்புறம் அந்த அமாவாசைக் காலை. காக்கிச் சட்டையும் தோள்பையுமாக நீ வந்து நின்றாய். நெற்றியெல்லாம் வேர்வை. டிரைவர் வரவில்லை, பஸ் ஸ்டாண்டில் ஜனம் முட்டுகிறது என்றாய்.

"ஒரே ஒரு நடை மச்சான். நீ ஓட்னா எனுக்குத் தைரியமா இருக்கும்டா."

"ரேக்கு ஒட்டப் பிசின் தடவிட்டேன் மாமே. ஏந்திரிச்சா காஞ்சிடும்."

"பிசின் பெருசாடா, நான் பெருசா?"

பலகையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

"பஸ்ஸ விட்டா மாதிரி என்னியும் விட்டுட்ட, போ" என்று படியிறங்கினாய். அடுத்த அமாவாசைக்கு நீ இல்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

அன்று ஓட்டப் போயிருக்கலாமே என்று உன் வீட்டு வாசலிலேயே என்னிடம் கேட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று பார்த்தார்கள். கேட்கவில்லை. இப்போதும் கேட்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதில் ஜோடனை துளியும் இல்லை. பிசின் காய்ந்தால் மறுபடி தடவிக்கொள்ளலாம். கால் மணி நேர வேலை. உனக்குத் தெரியாது என்றுதான் அளந்தேன். நான் பயந்தேன் மாமே. அந்த சீட்டில் ஒரு நடை ஏறி, பின்னால் உன் விசிலும் கேட்டிருந்தால், நான் இறங்கியே இருக்கமாட்டேன். ஐம்பது வயதில் பிழைப்பாகப் பிடித்த தூரிகை அன்றைக்கே போயிருக்கும்.

நாளைக்கே நீ வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன். ஆனால் பிசினைச் சாக்கு சொல்ல மாட்டேன். "பயமா இருக்குது மாமே, நீ போ" என்பேன்.

இப்போதும் ஒரு படத்துக்குக் கண் திறக்க உட்கார்ந்தால், என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது, பிரேக் மிதிப்பதுபோல. உன் தங்கச்சி பார்த்துச் சிரிக்கிறாள். நீ கேட்ட அந்த ஒரு நடையைக் கால் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. ஓட்டட்டும். கை தூரிகையை விடாது.